கம்பஸில் திறக்கும், வீட்டில் பணம் கேட்கும்

வெள்ளம் ஏறினால் மட்டக்களப்பில் முதலில் எழும் பேச்சு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டுவதா இல்லையா என்பதுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெட்டு என்பார்கள். வாவியை நம்பித் தொழில் செய்பவர்களில் சிலர் கொஞ்சம் பொறு என்பார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது இந்த வாக்குவாதத்தை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே கேட்டிருக்கிறேன். அதனால் பட்டப்பின் படிப்புக்குத் தலைப்புக் கேட்டபோது வேறெதையும் யோசிக்கவில்லை. மணலால் அடைபடும் களப்பு வாய்கள், அவற்றை மனிதர் வெட்டித் திறப்பது, அதன் பலன்கள். இதுதான் என் தலைப்பு. அதற்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளைப் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக வீட்டில் இருந்தபடியே எடுக்கப் பழகிய கதைதான் கீழே.

வாரநாளில் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். வீடு களுதாவளை. சனி, ஞாயிறில் கம்பஸ். எந்தக் கம்பஸ் என்று எழுதப்போவதில்லை. கீழே ஒன்றிரண்டு குறைகளும் வரும், அவை எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் உள்ளவைதான். ஒன்றின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

மேற்பார்வையாளர் சொன்னது சுருக்கமானது. திணைக்கள அறிக்கைகள் இருக்கட்டும், வெளிநாட்டில் இதே பிரச்சினையை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டு வாருங்கள். வாசிக்க நிறைய இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையிலும் தென்னாபிரிக்காவிலும் இப்படி இடையிடையே மூடித் திறக்கும் களப்புகள் ஏராளம். அங்கே பல காலமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்து தேடினேன். தலைப்பு வருகிறது, சுருக்கம் வருகிறது, அதற்குக் கீழே விலை வருகிறது. ஒரு கட்டுரைக்கு 30, 40 டொலர். இன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபா வரும். சில இடங்களில் அந்தப் பணத்துக்கும் 48 மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில், அதே போனில், கம்பஸ் வைஃபையில் அதே கட்டுரையைத் திறந்தேன். விலை என்ற பேச்சே இல்லை. பிடிஎஃப் இறங்கிவிட்டது.

என்னோடு படிக்கும் காத்தான்குடி டீச்சர் ஒருவர் இதற்குச் சொன்ன காரணம், "கம்பஸ்ல நெற் நல்ல ஸ்பீட் டீச்சர், அதான் திறக்குது" என்பது. சிரிக்க வேண்டாம். படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். நூலகம் ஒரு வெளியீட்டு நிறுவனத்துக்குச் சந்தா கட்டும்போது பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரிகளையும், அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்களையும், எழுதிக் கொடுக்கிறது. அந்த முகவரிகளில் இருந்து யார் வந்தாலும் அந்தத் தளம் கதவைத் திறந்துவிடும். பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது. கலியாண வீட்டுக்குள் மாப்பிள்ளை பகுதியோடு சேர்ந்து நடந்தால் யாரும் அழைப்புக் காட் கேட்பதில்லையே, அந்த மாதிரி. களுதாவளையில் என் போனுக்கு இருப்பது தொலைபேசி நிறுவனம் தந்த முகவரி. அந்தத் தளத்தின் கண்ணுக்கு நான் தெருவில் போகிற ஆள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றும் கேட்காமல் திறந்துவிடுவதால்தான் நூலகம் தங்களுக்காகப் பணம் கட்டுகிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. கம்பஸுக்குள் இருக்கும்வரை எல்லாம் இன்டர்நெட்டில் சும்மா கிடக்கிறது என்று நினைப்பார்கள். வீட்டுக்குப் போனதும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பார்கள். அப்புறம் லண்டனில் படிக்கும் தம்பிக்கோ கனடாவில் இருக்கும் மச்சானுக்கோ வாட்ஸ்அப்பில் லிங்க் பறக்கும்.

லண்டன் தம்பியைத் தொந்தரவு செய்வதற்கு முன் போக வேண்டிய மேசை ஒன்று நூலகத்திலேயே இருக்கிறது. எங்கள் நூலகத்தில் அது உசாத்துணைப் பகுதியின் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குள். பழைய கணினி ஒன்று, பிரின்டர் ஒன்று, அதன் மேல் எப்போதும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அங்கே இருக்கும் அண்ணனிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டில இருந்து எதால உள்ளுக்குப் போறீங்க டீச்சர்?"

"கூகிளால."

"கூகிளுக்கு உங்கள ஆரெண்டு தெரியும்? எங்கட பக்கத்தால வாங்க."

திரையை என் பக்கம் திருப்பினார். நூலக இணையத்தளம், அதில் மின்வளங்கள் என்ற பக்கம், அதில் தரவுத்தளங்களின் நீண்ட பட்டியல். பல சஞ்சிகைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோரைச் சொடுக்கியதும் பதிவிலக்கமும் கடவுச்சொல்லும் கேட்டது. உள்ளே போன பிறகு முகவரிப் பட்டையைப் பார்க்கச் சொன்னார். ஜேஸ்டோரின் முகவரியில் புள்ளி இருந்த இடமெல்லாம் சிறு கோடாக மாறியிருந்தது. அதன் பின்னால் எங்கள் நூலகத்தின் முகவரி ஒட்டியிருந்தது. அதாவது நான் ஜேஸ்டோருக்குப் போகவில்லை. நூலகத்தின் கணினி எனக்காக அங்கே போய், பக்கத்தை வாங்கி, என் கையில் தருகிறது. ஜேஸ்டோருக்குத் தெரிவது நூலகத்தின் முகவரி மட்டும்தான்.

இப்படி இடையில் நின்று வாங்கித் தருவதற்குப் பிராக்ஸி என்று பெயர். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது ஈஸிபிராக்ஸி. 1999இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியின் நூலகர் எழுதியது அது. 2008இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு அதை வாங்கிக்கொண்டது. நூலகர் கையால் எழுதப்பட்டதென்று தெரிந்ததும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. வாசகர் வீட்டில் இருந்து என்ன கஷ்டப்படுவார் என்று தெரிந்தவர்தானே அதைச் செய்ய முடியும்.

அண்ணன் பழைய பட்டியல் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு முகவரித் துண்டை எழுதித் தந்தார். கூகிளில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் அதன் லிங்கை இந்தத் துண்டின் பின்னால் ஒட்டித் திறந்தால் போதும், நேராக உள்நுழைவுப் பக்கம் வரும். நூலகப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியதில்லை. ஈஸிபிராக்ஸி வைத்திருக்கும் எந்த நூலகத்திலும் இந்த வித்தை வேலை செய்யும். உங்கள் நூலகத்தின் துண்டு எதுவென்று கேட்டு வாங்குங்கள். அந்த அட்டை இப்போது என் போன் உறைக்குள் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பல சஞ்சிகைத் தளங்களில் நிறுவனம் வழியாக உள்நுழைய ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். இலங்கையில், பல்கலைக்கழகக் கணக்கை வெளித் தளங்கள் ஏற்க வைக்கும் அடையாளக் கூட்டமைப்பை நடத்துவது லேர்ண், பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கல்வி ஆய்வு வலையமைப்பு. எடுரோம் வைஃபையும் அவர்களின் பொறுப்புத்தான். எடுரோமில் சேர்ந்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு உங்களிடம் இருந்தால், சேர்ந்திருக்கும் இன்னொன்றுக்குப் போனாலும் போன் தானாக வைஃபையில் ஏறிவிடும். உங்கள் நிறுவனம் பட்டியலில் இல்லாவிட்டால் அந்தப் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிராக்ஸி வழியே போங்கள்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது, டேட்டா. மாலையில் சிக்னல் இழுபறி. நடுச்சாமத்துக்குப் பிறகு இரவு டேட்டா மலிவு, வேகமும் உண்டு. அதனால் இறக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலைப் பின்னேரமே எழுதி வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் பிறகு உட்காருவேன். அம்மா இடையில் எழும்பி வந்து, "என்ன புள்ள, இன்னும் படுக்கல்லயா? அந்தப் போனக் கொஞ்சம் வை" என்பார். படிக்கிறேன் என்றால் நம்பமாட்டார். போனில் படிப்பதை அவர் படிப்பாகவே கணக்கெடுப்பதில்லை. ஒரு விதத்தில் அவர் சொல்வதும் சரிதான். இரண்டு நிரலில் அச்சிட்ட பிடிஎஃப் பக்கத்தைப் போன் திரையில் மேலும் கீழும் இழுத்து வாசிப்பது கண்ணுக்குச் செய்யும் பாவம். பெரும்பாலான தளங்களில் பிடிஎஃப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே முழு உரையை இணையப் பக்கமாகத் திறக்கும் பொத்தானும் இருக்கிறது. போனுக்கு அது எவ்வளவோ மேல். படங்களும் வரைபுகளும் தேவைப்படும்போது மட்டும் பிடிஎஃப்.

அப்படி ஒரு இரவில் வாசித்ததுதான் என் ஆய்வின் போக்கையே திருப்பியது. களப்பில் தண்ணீர் போதிய உயரத்துக்கு ஏறுமுன் வாயை வெட்டிவிட்டால், வெளியே பாயும் நீருக்கு மணலை அரித்துக்கொண்டு போகும் பலம் இருக்காது. வாய் ஆழமாகத் திறக்காது, சீக்கிரம் திரும்ப அடைபடும். தண்ணீர் நன்றாக ஏறிய பிறகு திறந்தால் உள்ளே தேங்கிக் கிடந்த மணலையும் அள்ளிக்கொண்டு போகும். தென்னாபிரிக்காவில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் நன்றாக ஏறும்வரை பொறுப்பதென்றால் அதுவரை யாருடைய வயல் மூழ்கும்? விறாந்தையில் கேட்ட அதே வாக்குவாதம்தான், இங்கே வரைபடத்தோடு வந்திருக்கிறது. இந்த ஒரு கட்டுரையை 35 டொலர் கொடுத்து நான் வாங்கியிருப்பேனா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. சுருக்கத்தை வாசித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன்.

நூலகம் எல்லாவற்றுக்கும் சந்தா கட்டுவதில்லை, கட்டவும் முடியாது. சஞ்சிகைகளைப் பொதியாகத்தான் விற்கிறார்கள். பொதிக்குள் நமக்கு வேண்டியது சில, வேண்டாதது பல. விலை டொலரில், நூலகத்தின் ஒதுக்கீடு ரூபாவில். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனபோது இந்தக் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. சந்தா இருக்கும் தரவுத்தளத்திலும் எல்லா ஆண்டும் இருக்காது. ஜேஸ்டோரில் பல சஞ்சிகைகளின் கடைசி மூன்று முதல் ஐந்து வருட இதழ்கள் திறக்காது. வருடம் ஏற ஏற அந்த எல்லையும் நகர்ந்துகொண்டே வரும். வேறு சில தரவுத்தளங்களில் அண்மைய 12 மாதம் மறைந்திருக்கும். கட்டுரை திறக்கவில்லை என்றதும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், அது எந்த வருடத்துக் கட்டுரை என்று முதலில் பாருங்கள்.

திறக்காதவற்றுக்கு நூலகங்களுக்கிடையிலான இரவல் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்னைக் கேட்டால் முழு நூலகத்திலும் அழகான சேவை இதுதான், மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். எனக்கு 1950களில் வந்த ஒரு புவியியல் சஞ்சிகையில், கிழக்குக் கரையின் மணல் திட்டுகள் பற்றிய ஒரு கட்டுரை தேவைப்பட்டது. இணையத்தில் எங்கும் இல்லை. அண்ணனிடம் விவரத்தை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பெயர், தலைப்பு, தொகுதி, பக்கம். அவர் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். சில நாளில் ஸ்கேன் செய்த பிரதி வந்தது. ஓரத்தில் யாரோ பழைய காலத்து மாணவர் பென்சிலால் கோடு போட்டு, ஒரு இடத்தில் கேள்விக்குறியும் வைத்திருந்தார். அந்தக் கேள்விக்குறி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. அந்தப் பந்தி எனக்கும் விளங்கவில்லை.

கடவுச்சொல் கிடைத்த சந்தோசத்தில் சிலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சஞ்சிகையின் எல்லா இதழ்களையும் டவுன்லோட் மென்பொருள் போட்டு ஒரே மூச்சில் இறக்குவது. வெளியீட்டு நிறுவனத்தின் கணினி இதைக் கண்டுபிடித்துவிடும். அதற்குத் தெரிவது நூலகத்தின் ஒரே முகவரி என்பதால் அந்த முகவரியையே பூட்டும். ஒருவர் செய்ததற்கு முழுக் கம்பஸும் வெளியே நிற்கும். எங்கள் ஆய்வு முன்மொழிவு ஒப்படைக்கும் கிழமையில் இப்படி ஒரு பூட்டு விழுந்தது. யாரென்று அண்ணனுக்குத் தெரியும், சொல்லவில்லை.

பட்டியலில் ஹினாரி, அகோரா என்றும் சில பெயர்கள் கண்ணில் படும். ஹினாரி பற்றி எனக்கு முதலில் சொன்னவர் தாதியாக இருக்கும் என் மச்சாள். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ தருவதற்காக 2002இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது அது. விவசாயத்துக்கு அகோரா, சுற்றாடலுக்கு ஓஆரே, தொழில்நுட்பத்துக்கு ஆர்டி, சட்டத்துக்கு கோலி. ஐந்தும் சேர்ந்து ரிசர்ச்ஃபோர்லைஃப் என்ற குடையின் கீழ் இருக்கின்றன. தனி ஆளாகப் பதிய முடியாது, நிறுவனம் பதிந்திருக்க வேண்டும். என் தலைப்புக்குப் பொருந்துவது ஓஆரே, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பணமும் கடவுச்சொல்லும் இல்லாமல் நேர்மையாகக் கிடைப்பவை எவ்வளவு என்பது எனக்கே ஆச்சரியம். அன்பேவால் என்ற சின்ன நீட்சியை பிரவுசரில் போட்டுவிட்டால், பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படி திறந்த பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்று அது தேடிச் சொல்லும். இருந்தால் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் பச்சையாகத் தெரியும். கூகிள் ஸ்கொலரில் பல கட்டுரைகளின் கீழ் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கிறது, அதற்குள் பெரும்பாலும் ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்ட பிரதி ஒளிந்திருக்கும். ஜேஸ்டோரில் சொந்தமாகக் கணக்கு ஆரம்பித்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை இணையத்திலேயே வாசிக்கலாம். இறக்க முடியாது, வாசிக்கலாம். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு எஸ்எல்ஜோல் இருக்கிறது, முழுக்க இலவசம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களஞ்சியத்தையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். அம்பாறை மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே தொடங்கலாம். நூலகம் என்ற பெயரிலேயே இருக்கும் இணையத்தளம் ஒன்று 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஏற்றி வருகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி பற்றி ஏதாவது கிடைக்குமா என்று அதற்குள் போய், பழைய கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். வருத்தமில்லை.

இவற்றுக்கும் மேலாக, கட்டுரை எழுதியவருக்கே நேரில் எழுதலாம். அவர்களின் மின்னஞ்சல் விலை கேட்கும் அதே பக்கத்தில்தான் இருக்கும். அந்த 35 டொலரில் அவர்களுக்கு ஒரு சதமும் போவதில்லை, கேட்டால் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள். கேப் டவுனில் இருந்து ஒருவர் நான் கேட்ட கட்டுரையோடு கேட்காத இரண்டையும் அனுப்பி, உங்கள் வாவியின் வாய் ஒரு வருடத்தில் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டிருந்தார். பதிலெழுதத் திணைக்களக் கோவைகளைப் புரட்ட வேண்டியதாயிற்று.

பூட்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நடிப்பாகிவிடும். எல்லோருக்கும் தெரியும். நான் யாருக்கும் போதிக்க வரவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு அதில் புதிய கட்டுரைகள் ஏறுவது பெரும்பாலும் நின்றுபோனது. 2021க்குப் பிந்தியதைத் தேடுகிறவர் அங்கே நேரத்தைச் செலவழிப்பதை விட அண்ணனின் மேசைக்குப் போவது கெட்டித்தனம்.

இப்போது எனக்கிருக்கும் கவலை, பதிவு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான். பட்டம் கையில் வரும் நாளில் கடவுச்சொல் செத்துவிடும். ஆசிரியராக இருக்கிறேன், உயர்தர வகுப்புக்குக் கரையோரப் புவியியல் படிப்பிக்கிறேன், வாசிக்காமல் எப்படி இருப்பது? அண்ணனிடம் கேட்டேன். சந்தா ஒப்பந்தங்கள் பலவற்றில் நூலகத்துக்குள் நேரில் வந்து உட்காரும் வெளியாருக்கும் அனுமதி உண்டு என்றார். வீட்டில் இருந்து முடியாது, நூலகத்துக் கணினியில் வாசிக்கலாம், குறிப்பெடுக்கலாம். எந்தத் தரவுத்தளத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதை நூலகர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே படித்து முடித்த ஆசிரியர்களே, விவசாயப் போதனாசிரியர்களே, ஊரில் இருந்து எழுதுகிறவர்களே, பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வெளியார் அனுமதி என்று கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டை கொண்டு போங்கள். வேலை செய்யும் இடத்தில் இருந்து ஒரு கடிதமும் கேட்பார்கள். ஆசிரியர்கள் அதைத் தவணை முடிய முன்னமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் சஞ்சிகையைப் பிடித்தாலும் பிடிக்கலாம், அதிபரைப் பிடிக்க முடியாது.